நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கான கவனப் பயிற்சி: படிப்படியான முழு வழிகாட்டி

முடக்கு வாதம், டயாலிசிஸ், சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல், வருடக்கணக்கில் விடாத இடுப்பு வலி, பத்துப் படி ஏறினால் மூச்சிரைப்பு. இப்படி ஏதோ ஒன்றோடு வாழ்பவர்களுக்கு "தியானம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்ற அறிவுரை கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். நோய் அப்படியெல்லாம் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி அரை மணி நேரம் உட்கார முடியாது என்பதும் தெரியும். ஒருமுறை முயன்றபோது வலி இன்னும் பெரிதாகத் தெரிந்ததால் விட்டவர்களும் உண்டு.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று பல நாடுகளில் சொல்லித் தரும் கவனப் பயிற்சியை, நோயுள்ள உடம்புக்கு ஏற்றபடி மாற்றிச் செய்ய முடியும். உடம்புக்குத் தக்கபடி பயிற்சிதான் மாற வேண்டும், பயிற்சிக்காக உடம்பை வருத்தக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியில்தான் நிற்கின்றன.

இது எதைச் செய்யும், எதைச் செய்யாது

1979-இல் அமெரிக்காவின் வொர்ஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், ஜான் கபட்-ஜின் என்பவர் ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். மூலக்கூறு உயிரியல் படித்தவர். பௌத்த தியானத்திலும் யோகத்திலும் பழகியவர். வழக்கமான சிகிச்சையால் போதிய பலன் கிடைக்காத நோயாளிகளை மற்ற மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். நாள்பட்ட வலியோடு வந்தவர்கள் அவர்களில் பலர். இன்று ஐடி கம்பெனிகளிலும் பள்ளிகளிலும் சொல்லித் தரும் பயிற்சி, முதலில் நோயாளிகளுக்காகத்தான் உருவானது.

1982-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் நாள்பட்ட வலியுள்ள 51 பேர் இருந்தார்கள். 10 வாரப் பயிற்சி முடிந்தபோது 65 விழுக்காட்டினருக்கு வலியின் மதிப்பெண் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 342 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வை நான் கூடுதலாக நம்புகிறேன். 26 வாரம் கழித்துப் பார்த்தபோது, அன்றாட வேலைகளைச் செய்வதில் கணிசமான முன்னேற்றம் கண்டவர்கள் கவனப் பயிற்சிக் குழுவில் 61 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 44. சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பெற்ற குழுவில் 58. அதாவது பலன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிபிடியும் ஏறக்குறைய அதே அளவு உதவியது என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு இது ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன.

வலி குறைவது எப்படி? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது முழங்காலில் சுளீர் என்கிறது. அடுத்த நொடியே பல்லைக் கடிக்கிறோம், தோள் மேலே ஏறுகிறது, மூச்சு நிற்கிறது. "இன்னிக்கும் இப்படித்தானா, சாயங்காலம் கல்யாணத்துக்கு எப்படிப் போறது" என்று மனம் ஓடத் தொடங்குகிறது. சுளீர் என்றது நம் கையில் இல்லை. அதன் பிறகு வந்த இறுக்கமும் பயமும் ஓரளவு நம் கையில் இருக்கின்றன. இறுகிய தசை தானே வலிக்கும், பயந்த மூளை வலியைக் கூட்டிக் காட்டும். வலிச் செய்தி தண்டுவடத்தைக் கடக்கும்போது, மூளையிலிருந்து கீழே வரும் செய்திகளால் அது கூடவும் குறையவும் செய்யும் என்று 1965-இலேயே மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கவனப் பயிற்சி வேலை செய்வது இறுக்கமும் பயமும் வரும் இந்த இரண்டாம் பகுதியில்தான். தேய்ந்த குருத்தெலும்பு வளராது, சிறுநீரகம் மீண்டும் இயங்காது. இதை நம்பி யாரும் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

தொடங்கும் முன்: உட்கார்ந்து கவனிக்கக் கூடாத உணர்வுகள்

"வருவதை வரட்டும் என்று கவனி" என்பது இந்தப் பயிற்சியின் பொதுவான அறிவுரை. நோயுள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். சில உணர்வுகள் கவனிப்பதற்கானவை அல்ல, உடனே செயல்படுவதற்கானவை.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் அது மனப் பதற்றம் போலவே தோன்றும். கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருக்காதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி கையில் இல்லை என்றால் முதலில் சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. டயாலிசிஸ் நடக்கும்போது கண் இருட்டினால், குமட்டினால், காலில் கெண்டை இழுத்தால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். இடுப்பு வலியோடு புதிதாகச் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் நோய்க்கான இத்தகைய எச்சரிக்கை அறிகுறிகள் எவை என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் மற்ற உணர்வுகளைப் பயமில்லாமல் கவனிக்க முடியும். இன்னொன்று: கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெறுபவர்கள், விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்கள் இதைத் தனியாகத் தொடங்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் பேசிவிட்டு, துணையோடு செய்யலாம்.

படி 1: உடம்பை வைக்கும் விதம்

சம்மணம் தேவையில்லை. படுத்துக்கொண்டு செய்யலாம், நாற்காலியில் சாய்ந்து செய்யலாம், சுவரில் சாய்ந்து நின்றும் செய்யலாம். இடுப்பு வலி உள்ளவர் மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு தளரும். மூச்சிரைப்பு உள்ளவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் தட்டையாகப் படுப்பது சிரமம். இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையின் மேல் எடை விழாமல் பாருங்கள். நடுவில் வலித்தால் அசையுங்கள். அசைய வேண்டும் என்ற உந்துதலைக் கவனித்துவிட்டு, மெதுவாக அசைந்து, அசைந்த பிறகு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

கண்ணை மூடினால் பயமாக இருக்கிறதா? திறந்தே வைத்துக்கொண்டு தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள். குக்கர் விசிலும் பக்கத்து வீட்டு டிவியும் கேட்கத்தான் செய்யும், அமைதியான அறை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

படி 2: கவனம் நிற்க ஓர் இடம்

பெரும்பாலும் மூச்சைத்தான் சொல்வார்கள். மூச்சு இயல்பாக வந்துபோகிறவர்களுக்கு அது நல்ல இடம். வயிறு ஏறி இறங்குவதை உணர்ந்தால் போதும், மூச்சை இழுத்து அடக்கி எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் ஆஸ்துமா, சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூச்சே பயத்தின் இருப்பிடம். அதைக் கவனிக்கச் சொன்னால் "போதவில்லையே" என்ற பதற்றம்தான் வரும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு உள்ளங்கைகளை எடுத்துக்கொள்ளலாம். இரு கைகளையும் தொடைமேல் வைத்து, துணியின் சொரசொரப்பு, கையின் சூடு, எடை ஆகியவற்றை உணருங்கள். வெளியிலிருந்து வரும் சத்தங்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

பாதங்களைத் தரையில் உணரச் சொல்வதும் வழக்கம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அது சரிவராது, உள்ளங்கைதான் மேல். கூடவே ஒரு விஷயம்: மரத்த பாதத்தில் காயம் பட்டால் எவ்வளவு கவனித்தாலும் தெரியாது. தினமும் கண்ணால் பார்த்து, அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துப் பரிசோதிப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

முதல் வாரம் இவ்வளவுதான். காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம். கவனம் ஓடும், ஓடியது தெரிந்ததும் திரும்பக் கொண்டுவாருங்கள். எத்தனை முறை ஓடினாலும் திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சி.

படி 3: உடம்பு முழுக்க ஒரு சுற்று

இரண்டாம் வாரத்திலிருந்து இதைச் சேர்க்கலாம். பாடி ஸ்கேன் என்பார்கள். வழக்கமான முறையில் இது 45 நிமிடம், இடது கால் விரலில் தொடங்கி தலை வரை போகும். நமக்கு 10 நிமிடம் போதும், வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் வலியில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லா இடமும் வலிக்கிறது என்பவர்களுக்கும் காது மடல், மூக்கு நுனி, நாக்கு, தலைமுடி படும் நெற்றி என்று ஏதாவது ஓர் இடம் சும்மா இருக்கும். பல்லில் சிக்கிய நாரைத் தேடி நாக்கு போய்க்கொண்டே இருப்பதுபோல மனம் வலிக்கும் இடத்துக்கே போகும். சும்மா இருக்கும் இடங்களும் இந்த உடம்பில்தான் இருக்கின்றன என்று அதற்குக் காட்டுவது இந்தச் சுற்றின் முதல் வேலை.

அங்கே மூன்று நான்கு மூச்சு நேரம் நின்றுவிட்டு முகத்துக்கு வாருங்கள். தாடை இறுகியிருக்கிறதா? புருவத்துக்கு நடுவில்? தளர்த்த முடிந்தால் தளர்த்துங்கள், முடியாவிட்டால் இறுக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். கழுத்து, தோள், கைகள், மார்பு, வயிறு, இடுப்பு, தொடை, முழங்கால், பாதம். வலியுள்ள இடம் வரும்போது அங்கே நிற்காமல், "இங்கே வலி இருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு கடந்து போங்கள். முடிவில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வாருங்கள்.

முடக்கு வாதம் உள்ளவர்களுக்குக் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நீடிக்கும். அந்த நேரத்தில் படுக்கையில் இருந்தபடியே இதைச் செய்துவிட்டு விரல்களை மெல்ல மடக்கி நீட்டலாம். நடுவில் தூங்கிப்போனால் தூங்குங்கள். இரவெல்லாம் வலியில் விழித்திருந்த உடம்புக்கு அந்தத் தூக்கம் தேவை. தினமும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் மட்டும் நேரத்தை மாற்றுங்கள்.

படி 4: வலியின் அருகே போய் வருவது

இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான், அவசரப்படக் கூடாத பகுதியும் இதுதான். முதல் மூன்று படிகளைக் குறைந்தது இரண்டு வாரம் பழகிய பிறகு, வலி நடுத்தரமாக இருக்கும் ஒரு நாளில் தொடங்குங்கள். 10-க்கு 3 அல்லது 4 என்று நீங்கள் மதிப்பெண் கொடுக்கும் நாள் பொருத்தம். 8, 9 இருக்கும் நாளில் வேண்டாம்.

உள்ளங்கையிலோ மூச்சிலோ கவனத்தை நிறுத்துங்கள். நிலையாக இருக்கிறது என்று தோன்றியதும் கவனத்தை வலியின் நடுவுக்குக் கொண்டுபோகாமல் அதன் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். முழங்கால் வலி என்றால் தொடையில் எந்த இடத்தில் அது தொடங்குகிறது? எந்த இடம் வரை வலியே இல்லை? அந்த எல்லை கோடு போட்டதுபோல் இருப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போகிறது என்பதைப் பலரும் முதல் தடவை அப்போதுதான் பார்க்கிறார்கள்.

அடுத்து, "வலி" என்ற ஒற்றைச் சொல்லை ஒதுக்கிவிட்டு அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா? எரிச்சலா, நமநமப்பா, மதமதப்பா? விண்விண் என்று தெறிக்கிறதா, ஒரே சீராகக் கனக்கிறதா? சூடா குளிரா? நகர்கிறதா, நிற்கிறதா? நம் வீட்டுப் பெரியவர்கள் வலியைச் சொல்லும்போது இந்தச் சொற்களையெல்லாம் துல்லியமாகப் பயன்படுத்துவார்கள். அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பார்க்கும்போது, கெட்டியான ஒரே பொருளாகத் தோன்றிய வலி கூடிக் குறைந்துகொண்டிருப்பது தெரியும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே அதற்கு இடைவெளிகள் இருக்கும். பயம் அந்த இடைவெளிகளை மறைத்துவிடுகிறது.

பிறகு வலியைச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள். வலிக்கும் மூட்டைக் காப்பாற்ற அதைச் சுற்றிய தசைகள் இறுகியிருக்கும். இடது முழங்காலுக்காக வலது தொடை, இடுப்பு, வயிறு எல்லாம் இறுகியிருப்பது வழக்கம். மூச்சை வெளியே விடும்போது அந்தத் தசைகளை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். வலியைத் தளர்த்த முயலாதீர்கள், அது ஏமாற்றத்தில்தான் முடியும். சுற்றியுள்ள இறுக்கம் தளர்ந்தால் போதும்.

நான்கைந்து மூச்சு நேரம், அவ்வளவுதான். பிறகு உள்ளங்கைக்கோ காது மடலுக்கோ திரும்பிவிடுங்கள். அங்கே ஒரு நிமிடம் இருந்துவிட்டு, விருப்பம் இருந்தால் இன்னொரு தடவை போய் வரலாம். ஒரு தடவையில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வலியின் நடுவிலேயே உட்கார்ந்து தாங்குவது வைராக்கியமாகத் தோன்றலாம், ஆனால் அதில் உடம்பு கற்றுக்கொள்வது இன்னும் இறுகுவதற்குத்தான். வலி ஏறுகிறது, மனம் கலங்குகிறது என்றால் உடனே கண்ணைத் திறந்து அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், எழுந்து முகம் கழுவுங்கள். அன்றைக்கு அது போதும்.

படி 5: நோயைப் பற்றிய எண்ணங்கள்

"கிரியாட்டினின் ஏறியிருக்குமோ?" "இன்னும் அஞ்சு வருஷத்தில் படுத்த படுக்கையா ஆயிடுவேனோ?" "பொண்ணு கல்யாணத்தை யார் பார்க்கிறது?" நோயாளியின் மனத்தில் வரும் எண்ணங்கள் வெறும் கற்பனை அல்ல. சிலவற்றுக்கு அடிப்படை உண்டு. அதனால் "எண்ணத்தைக் கடந்து போகும் மேகமாகப் பார்" என்று சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. நான் சொல்லும் வழி வேறு: எண்ணத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். "ரிப்போர்ட் பயம்." "பணக் கவலை." "பழைய உடம்பின் நினைப்பு." பெயர் வைத்ததும் ஒரு கேள்வி: இதற்கு இன்று நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு என்றால் தாளில் எழுதி, பகலில் அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் செய்யுங்கள். காப்பீட்டு அட்டையைப் புதுப்பிப்பது, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இப்படி எதுவானாலும். இல்லை என்றால் "ரிப்போர்ட் பயம் வந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அது உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வயிற்றில் கலக்கமா, தொண்டையில் அடைப்பா? அங்கே கையை வையுங்கள்.

கோபமும் அழுகையும் வரும். "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்வி வரும். இழந்தது உண்மையான இழப்பு, அதற்கு அழுவதில் குறை எதுவும் இல்லை. அழுகை வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அழுங்கள்.

படி 6: அன்றைய நாளில் சின்னச் சின்ன இடங்கள்

நோயோடு வாழ்வதில் காத்திருப்பு அதிகம். ஓபி வரிசை, ரத்தப் பரிசோதனை, மருந்துக் கடை. அந்த நேரங்களில் தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து மூன்று மூச்சு விடலாம். மாத்திரை போடும் நேரத்தையும் பயன்படுத்தலாம்: அட்டையை எடுப்பது, பெயரைப் படிப்பது, தண்ணீரின் குளிர்ச்சி தொண்டையில் இறங்குவது. போட்டோமா இல்லையா என்ற குழப்பம் இதில் குறையும், இரண்டு தடவை போடும் ஆபத்தும் குறையும்.

டயாலிசிஸ் நாற்காலியில் 4 மணி நேரம் என்பது நீண்ட நேரம். ஊசி குத்தும்போது மூச்சை அடக்காமல் மெல்ல வெளியே விடுவது, பிறகு ஊசியில்லாத கையை மட்டும் கவனிப்பது, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பது என்று துண்டு துண்டாகச் செய்யலாம். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் தாகம் பெரிய சோதனை. தாகம் எடுக்கும்போது அது உதட்டு வறட்சியா, நாக்கு ஒட்டுவதா, சாப்பாட்டின் உப்பா, எல்லோரும் காபி குடிக்கும் நேரம் என்பதாலா என்று பிரித்துப் பாருங்கள். உதட்டு வறட்சிதான் என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பினாலே தீரும். ஐஸ் துண்டு வைத்துக்கொண்டால் அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கவனப் பயிற்சி வகுப்புகளில் உலர்திராட்சை ஒன்றைக் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று சாப்பிடச் சொல்வார்கள். உலர்திராட்சையில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகள் அதை வைத்துத் தினமும் பழக வேண்டாம், உப்பில்லாத பொரி எடுத்துக்கொள்ளலாம்.

படி 7: அசைவும் அளவும்

மெதுவான அசைவோடு கவனத்தைச் சேர்ப்பது உட்கார்ந்து செய்வதைவிடப் பலருக்கு எளிது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளைச் சுழற்றுவது, கையைத் தூக்கி இறக்குவது, அறைக்குள் மெல்ல நடப்பது போதும். இழுவை முதலில் தெரியும் இடத்துக்கும், இதற்கு மேல் முடியாது என்ற இடத்துக்கும் நடுவில் நில்லுங்கள். வீங்கிச் சிவந்த மூட்டை மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டாம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்ன எல்லைக்குள் மட்டும் செய்யுங்கள்.

இதைவிட முக்கியமானது அன்றாட வேலையின் அளவு. வலியில்லாத நாள் ஒன்று வந்துவிட்டால், சேர்த்து வைத்த வேலையையெல்லாம் அன்றே முடிக்கத் தோன்றும். பொங்கலுக்கு முன் பரணிலிருந்து பாத்திரம் இறக்கி, வீடு முழுக்கத் துடைத்து, அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது நாள்பட்ட வலியுள்ளவர்களின் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை உடைக்க ஒரு வழி உண்டு. ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறையில் நிற்பது என்று வைப்போம். வலியோ களைப்போ கூடாமல் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சராசரி 20 நிமிடம் வந்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 16 நிமிடம் உங்கள் அளவு. அலாரம் வைத்து, அடித்ததும் உட்காருங்கள். நல்ல நாளிலும் 16-தான், சுமாரான நாளிலும் 16-தான். இரண்டு மூன்று வாரம் சிக்கலில்லாமல் போனால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

கவனப் பயிற்சி இங்கே உதவும் விதம் மிகத் தெளிவானது. அளவு மீறப்போகிறது என்பதற்கு ஒவ்வொரு உடம்பிலும் முன்கூட்டியே ஓர் அடையாளம் வரும். சிலருக்குக் குரல் கடுமையாகும், சிலர் தெரியாமலே சமையல் மேடையில் கையை ஊன்றுவார்கள், சிலருக்குக் கொட்டாவி வரும். சில வாரம் பழகியவர்களுக்கு அந்த அடையாளம் பிடிபட்டுவிடும். அப்புறம் அலாரம் தேவைப்படாது.

"உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தா வேலை எப்ப முடியும்?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கை ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். நோயாளியின் பொறுப்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று சொல்வதைவிட, பாதி காய்கறியை நறுக்கிக் கொடுப்பது எவ்வளவோ மேலானது.

படி 8: மோசமான நாட்கள்

நோய் சீறி எழும் நாட்களில் மேலே சொன்ன எதுவும் முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை. மருத்துவர் சொன்ன மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். எவ்வளவு தாங்க முடிகிறது என்று சோதித்துக்கொண்டு அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கையை நெஞ்சில் வைத்து அதன் சூட்டை உணருங்கள். மூச்சை விடும்போது மட்டும் கொஞ்சம் நீட்டி விடுங்கள். பாட்டு கேட்பதும் சீரியல் பார்ப்பதும் ஜெபமாலை உருட்டுவதும் திக்ர் சொல்வதும் நாமம் சொல்வதும் அந்த நாட்களுக்கு முழுக்கத் தகுந்தவை. கவனத்தை வேறு பக்கம் திருப்புவதும் ஒரு திறமைதான். பயிற்சி விட்டுப்போன நாட்களுக்காக உங்களையே திட்டிக்கொள்ளாமல், முடிந்த நாளில் 5 நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

யாரிடம் கற்பது

வழக்கமான 8 வார வகுப்பில் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், வீட்டில் தினமும் 45 நிமிடம் பயிற்சி தருவார்கள். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: படுத்துக்கொண்டு செய்யலாமா, நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா, நடுவில் எழுந்து போகலாமா? தயங்குகிற ஆசிரியர் உங்களுக்கு வேண்டாம். முதுகெலும்புக் காயத்தால் தானே நாள்பட்ட வலியோடு வாழும் வித்யமாலா பர்ச், மான்செஸ்டரில் தொடங்கிய பிரெத்வொர்க்ஸ் அமைப்பு நோயாளிகளுக்கென்றே பாடத்திட்டம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இணையம் வழியே பார்க்கலாம்.

விபாசனா எனப்படும் பௌத்த தியானத்தின் 10 நாள் முகாம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. அந்த மரபை இந்தியாவில் பரப்பிய எஸ். என். கோயங்கா, மார்ஃபின் ஊசி போடும் அளவுக்கான ஒற்றைத் தலைவலியோடுதான் 1955-இல் ரங்கூனில் தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனார். உடல் நோயைத் தீர்ப்பதற்காக என்றால் வர வேண்டாம் என்று அந்த ஆசிரியர் முதலில் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை நாமும் மனத்தில் வைக்க வேண்டும். நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் அமர்ந்து செய்யும் முகாம் அது. நாள்பட்ட நோயுள்ளவருக்கு முதல் படியாக நான் அதைச் சொல்ல மாட்டேன். போக விரும்பினால் விண்ணப்பத்தில் நோய், மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். வீட்டுக்கு வரும் பணியாளரிடம் அசைவுப் பயிற்சிகளைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தியானத்தில் உட்காராதீர்கள், ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

8 வாரம் கழித்து

வலி மதிப்பெண் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம். வேறு சிலவற்றையும் பாருங்கள். இரவில் விழித்தால் மறுபடி தூங்க எவ்வளவு நேரம் ஆகிறது? போன மாதம் தவிர்த்த எந்த வேலையை இந்த மாதம் செய்கிறீர்கள்? ரிப்போர்ட் வாங்கப் போகும் நாளில் காலைச் சாப்பாடு இறங்குகிறதா? படுத்தே கிடந்த நாட்கள் குறைந்தனவா? இவற்றைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்து, 8 வாரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். அந்த இரண்டு தாளையும் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். மருந்தின் அளவை மாற்றுவது அவர் முடிவு, ஆனால் உங்கள் நாட்கள் எப்படிப் போகின்றன என்று அவருக்குச் சொல்ல அந்தத் தாள்கள் போதும். எதுவுமே மாறவில்லை, ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகிறது என்றால் விட்டுவிட்டு, சிபிடி தரும் உளவியலாளர் கிடைப்பாரா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.